நான்காவது ஆள் – அத்தியாயம் 14: முதலில் யாரை?

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஏழாவது மேடையில் நிற்கும் விரைவுப் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். உடைமைகளைச் சரிபார்த்துக்கொள்ளவும்."

மைக்கை அணைத்ததும் கை தானாகப் போய் மேசை விசிறியைப் போட்டது. பேசுவதற்கு முன்னால் விசிறியை நிறுத்த வேண்டும், பேசி முடித்தபின் போட வேண்டும். இல்லாவிட்டால் அதன் கடகட சத்தமும் சேர்ந்து பேருந்து நிலையம் முழுக்க ஒலிக்கும். இந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்த நாளிலிருந்து பழகிய கை.

மைக்கம்மா என்றால்தான் நிலையத்தில் அவளைத் தெரியும். டீக்கடைக்காரரிலிருந்து பெரிய அதிகாரி வரைக்கும் அதே பெயர்தான். அவள் குரலைக் கேட்டு ஓடாத பயணி இந்த ஊரில் கிடையாது. அப்பேர்ப்பட்ட குரலை வீட்டில் கேட்கத்தான் ஆள் இல்லை.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக நாலு வரி. மைக்கம்மாவின் கணவர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு கடையைத் தாங்கியது மகள், பெரியவள். லென்ஸ் தேய்ப்பதும் அவள்தான், வாடிக்கையாளரின் வசவைக் கேட்டுக்கொள்வதும் அவள்தான். அவர் கண்ணை மூடியதும் மைக்கம்மா என்ன செய்தாள்? கடையைத் தூக்கி மகனுக்கு, அதாவது வேறு ஊரில் கணினி வேலையில் இருக்கும் சின்னவனுக்கு, தாரை வார்த்துவிட்டாள். பெரியவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் அதை செல்போன் உறை விற்பவருக்கு வாடகைக்கு விட்டான். பெரியவள் ஒரு பெட்டியோடு வாடகை அறைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அம்மாவோடும் பேச்சில்லை, தம்பியோடும் பேச்சில்லை.

ஒரே ஒரு இடத்தைத் தவிர.

அக்காவும் தம்பியும் கல்லூரி நாளிலிருந்து ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். நாலு பேர் ஒரு அணி. ஒரு தீவில் குதித்து, துப்பாக்கி தேடி, கடைசி வரை உயிரோடு நிற்க வேண்டும். ஒருவர் ஒரு ஊரில், இன்னொருவர் வேறு ஊரில் இருந்தாலும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி பேசிக்கொள்வார்கள். சண்டைக்குப் பிறகு அதுவும் நின்றது. மூன்றாவது ஆள்தான், கப்பலில் சமையல் செய்கிறவன், 'கப்பல்' என்றே பெயர், தலையால் தண்ணீர் குடித்து இருவரையும் மறுபடி சேர்த்துவைத்தான். ஒரே நிபந்தனை: ஆட்டத்துக்குள் அக்காவும் தம்பியும் ஒருவரோடு ஒருவர் வீட்டுப் பேச்சு எடுக்கக்கூடாது. எடுத்தால் அவன் போய்விடுவான்.

நான்காவது இடம் முன்பு சின்னவனின் மனைவியுடையது. அவளுக்கு அலுத்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு புது ஆள். "எங்க ஆபீஸ்காரர், மைக் ரிப்பேர், பேச மாட்டார், ஆனா நல்லா ஆடுவார்" என்று மருமகள் சொல்லிவைத்த ஆள். பெயர் வைப்பதில் நாகரிகம் பார்க்கிற கூட்டமா அது? 'ஊமை' என்று வைத்துவிட்டார்கள்.

அந்த ஊமை யார் என்று உங்களுக்கும் மருமகளுக்கும்தான் தெரியும். ஊரையே பேசி விரட்டுகிற மைக்கம்மா, பழைய டேப்லெட்டில் மைக் படத்தின் மேல் சிவப்புக் கோட்டைப் போட்டுவிட்டு, பெற்ற பிள்ளைகள் பேசுவதைத் திருட்டுத்தனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கைபேசி அடித்தது. மருமகள்.

"அத்தை, இன்னிக்கு சாயங்காலம் ஆட வேண்டாம். விட்டுடுங்க."

"ஏம்மா?"

"இவருக்கு சந்தேகம் வந்துடுச்சு. உன் ஆபீஸ்காரர் பேரு என்ன, எந்த செக்‌ஷன்னு ரெண்டு நாளா துளைக்கறாரு. எனக்குப் பொய் சொல்லி வாய் வலிக்குது."

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்மா. இன்னிக்குக் கட்டாயம் நான் இருக்கணும்."

"அப்படி என்ன இன்னிக்கு?"

மைக்கம்மா அறிவிப்புத் தாள்களை அடுக்கினாள். மருமகள் சற்றுத் தயங்கிவிட்டு, "அத்தை, இன்னொண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆட்டத்துல யாராவது விழுந்தா நீங்க எப்பவும் இவரைத்தான் மொதல்ல தூக்கறீங்களாமே? அக்கா குறை சொல்றாங்களாம்" என்றாள்.

"பக்கத்துல இருந்தான், தூக்கினேன்."

"எல்லாத் தடவையும் இவரேதான் பக்கத்துல இருந்தாரா?"

மைக்கம்மா விசிறியை நிறுத்தினாள். "மூணாவது மேடைக்கு அறிவிப்பு இருக்கும்மா, வைக்கறேன்" என்றாள். அறிவிப்பு எதுவும் இல்லை.

அந்த விளையாட்டில் குண்டு பட்டவுடன் ஆள் சாவதில்லை. கீழே விழுந்து தவழ்வார். அவருடைய உயிர்க்கோடு குறைந்துகொண்டே வரும். அது தீர்வதற்குள் கூட்டாளி ஒருவர் பக்கத்தில் போய்க் குனிந்து தூக்கிவிட்டால் பிழைப்பார். ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் தூக்க முடியும். இரண்டு பேர் விழுந்தால் யாரை முதலில் என்பது தூக்குகிறவர் பாடு.

போன வாரம் இதற்குத்தான் பெரியவள் வெடித்தாள். "இந்த ஊமைக்கு என்ன ஓரவஞ்சனை பாரு கப்பல்! நான் காலடியில கிடக்கேன். என்னைத் தாண்டிக்கிட்டு ஓடுது அவன்கிட்ட."

கப்பல் சிரித்தான். சின்னவனும் சிரித்தான். டேப்லெட்டைப் பிடித்திருந்தவளுக்கு மட்டும் முகம் சுண்டிவிட்டது.

அன்றே இன்னொன்றும் நடந்தது. சின்னவனுக்கு ஆபீசிலிருந்து அழைப்பு வந்து எழுந்து போயிருந்தான். பெரியவள் கப்பலிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "கடை போனா போகட்டும். அப்பாவோட லென்ஸ் மெஷின் ஒண்ணை மட்டும் எனக்குக் குடுத்திருந்தாங்கன்னா, நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். யாருக்குமே அது தோணல பாத்தியா?"

மைக்கம்மாவுக்கு அன்று தூக்கம் வரவில்லை. அவளுக்கு அது தோன்றவில்லைதான். ஒரு பழைய மெஷினுக்காகவா ஒரு பெண் ஒரு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருப்பாள்? கேட்டால் கொடுத்திருக்க மாட்டோமா? ஏன் கேட்கவில்லை?

இன்று காலை செல்போன் உறைக் கடைக்காரர், பின்னறையில் கிடக்கும் மெஷினைப் பழைய இரும்புக்குப் போடப் போவதாகத் தகவல் சொல்லியிருந்தார். மைக்கம்மா மாற்று ஆளைக் கூண்டில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினாள்.

கடையை அடையாளமே தெரியவில்லை. கணவர் கண்ணாடிச் சட்டங்களை அடுக்கிவைத்திருந்த சுவரில் இப்போது பூப்போட்ட உறைகளும் பொம்மை போட்ட உறைகளும் தொங்கின. கண் சோதிக்கும் எழுத்துப் பலகை இருந்த இடத்தில் ஒரு கண்ணாடி, அதில் மைக்கம்மாவின் முகம்.

"உங்க பையன்கிட்டக் கேட்டேன்மா. தூக்கிப் போடுங்கன்னு சொல்லிட்டாரு. அதான்" என்றார் கடைக்காரர்.

"நான் எடுத்துக்கறேன். வேன் வந்திருக்கு."

பின்னறையில் அட்டைப் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது மெஷின். உட்கார்ந்து வேலை செய்கிற உயரம். ஒரு பக்கம் லென்ஸைத் தேய்க்கிற கல், அதன் கீழே தண்ணீர்த் தட்டு, தட்டில் காய்ந்துபோன வெள்ளைப் பொடி. கைப்பிடியில் ஒட்டுப் பிளாஸ்திரியை யாரோ இறுக்கமாகச் சுற்றிவைத்திருந்தார்கள். அழுக்கேறிக் கறுத்திருந்தது. கணவரின் கை பெரியது. இந்தச் சுற்று சின்னக் கையின் அளவுக்குப் போட்ட சுற்று.

மைக்கம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

பெரியவள் ஒருநாள் கட்டைவிரலில் லென்ஸ் கிழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், தானே கழுவி, தானே துணி சுற்றிக்கொண்டு, இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டதும் நினைவுக்கு வந்தது. எச்சில் தட்டில் ரத்தம் இருந்ததைப் பார்த்துத்தான் மைக்கம்மா "என்னடி கையில?" என்று கேட்டாள். அன்றைக்குச் சின்னவனுக்கு லேசாக உடம்பு சுட்டது. அம்மா, அம்மா என்று வீடே அதிரும்படி முனகிக்கொண்டிருந்தான். அவன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்ததில் மற்றது கண்ணில் படவில்லை. தையல் போடவேண்டிய காயம் என்று மறுநாள் மருத்துவர் திட்டினார்.

நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற வேன்காரர் ஆள் வைத்து மெஷினை ஏற்றிக் கட்டினார். பெரியவளின் விலாசத்தைக் கேட்டுக்கொண்டார்.

"யாரு அனுப்பினாங்கன்னு கேட்டா என்ன சொல்ல மைக்கம்மா?"

நல்ல கேள்வி. உன் அம்மா அனுப்பினாள் என்று சொன்னால் போதும். ஒரு வருஷத்துப் பிணக்கு அத்தோடு தீர்ந்துபோயிருக்கலாம். தீராமல் போனாலும் ஒரு நூலாவது இளகியிருக்கும். ஆனால் மைக்கம்மாவின் மூளை வேறு மாதிரி கணக்குப் போட்டது. நான் அனுப்பினேன் என்றால், 'எப்படித் தெரியும்?' என்பாள். குட்டு உடைந்துவிடும். அதைவிட, அக்காவும் தம்பியும் சேர்ந்தால் போதாதா? பாவம், அவனுக்கும் ஒரு நல்ல பேர் கிடைக்கட்டுமே.

"தம்பி அனுப்பினார்னு சொல்லுங்க" என்றாள்.

பெற்றவளின் இந்தக் கெட்ட பழக்கத்தை என்ன சொல்லித் திட்டுவது? தன் கையால் செய்ததைக்கூட அவன் பெயரில் எழுதிவைத்தால்தான் அவளுக்கு நிம்மதி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தபோது வேன்காரர் அழைத்தார். "எறக்கிட்டேன்மா. அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசல. மெஷினையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. கைப்பிடியைப் புடிச்சு ஒரு சுத்து சுத்திப் பாத்துச்சு. அப்புறம் அழுதுடுச்சும்மா. தம்பியா அனுப்பினான், தம்பியா அனுப்பினான்னு ரெண்டு மூணு தடவை கேட்டுச்சு."

"நீங்க?"

"ஆமான்னுட்டேன்."

மைக்கம்மா சோற்றைப் பிசைந்தபடியே சிரித்தாள். நெடுநாள் கழித்து அவளுக்குப் பசித்தது.

ஹெட்போனை மாட்டி, சிவப்புக் கோடு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தபோது மூவரும் ஏற்கெனவே இருந்தார்கள். கப்பல் தன் கப்பலில் யாரோ உப்பை இரண்டு முறை போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். பின்னால் எந்திர இரைச்சல்.

"ஊமை வந்தாச்சு. வணக்கம் ஊமை!" என்றான் சின்னவன்.

மைக்கம்மா திரையில் ஒரு குறி வைத்தாள். பேச முடியாதவர்களுக்கு அதுதான் வாய். எதிரி இருக்கிற இடத்தைத் தொட்டால் எல்லோர் திரையிலும் அங்கே ஒரு புள்ளி மின்னும். வணக்கத்துக்கும் அவர்கள் அதையே வழக்கமாக்கியிருந்தார்கள்.

தீவில் குதித்தார்கள். பெரியவளின் குரல் காதுக்குள் வந்தது.

"வடக்கே தண்ணித் தொட்டி. அதுக்குப் பின்னாடி ரெண்டு பேர். கப்பல் இடது, சின்னவன் என் கூட. எல்லாரும் வாயை மூடுங்க, காலடி கேக்கணும்."

இடம், திசை, எத்தனை பேர், என்ன செய்ய வேண்டும். ஒரு சொல் கூடுதல் இல்லை, ஒரு சொல் குறைச்சல் இல்லை. ஒவ்வொரு முறையும் மைக்கம்மாவுக்கு நெஞ்சு விம்மும். இது யாருடைய குரல்? இது யாரிடம் கற்றது? கூண்டில் உட்கார்ந்து வாழ்நாளெல்லாம் தான் செய்த வேலையை இந்தப் பெண் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறாள். இதைச் சொல்லிப் பாராட்ட நாக்கு துடிக்கும். குறி வைத்துவிட்டுச் சும்மா இருப்பாள்.

தண்ணீர்த் தொட்டிக்காரர்கள் தீர்ந்தார்கள். மூச்சு வாங்குகிற நேரம். பெரியவள் தொண்டையைக் கனைத்தாள்.

"கப்பல், ஒரே ஒரு தடவை விதியை மீறிக்கறேன். கோவிச்சுக்காதே."

"வீட்டுப் பேச்சா? வேண்டாம் கேப்டன்..."

"நல்ல பேச்சுடா." அவள் குரல் இளகியிருந்தது. சின்னப் பெண்ணாக இருந்தபோது கேட்ட குரல். "டேய் தம்பி. மெஷின் வந்துடுச்சு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. தாங்க்ஸ்டா."

மைக்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். போதும், இது போதும் என்று நினைத்தாள்.

"எந்த மெஷின்?" என்றான் சின்னவன்.

"அப்பாவோட லென்ஸ் மெஷின். நீ அனுப்பினது."

"நானா?" அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "இல்லக்கா. அதை நான் இரும்புக்குப் போடச் சொல்லிட்டேனே. கடைக்காரரு கேட்டாரு, தூக்கிப் போடுங்கன்னுட்டேன். யாரு அனுப்பினா?"

ஒரு பொய்யைக்கூடத் தாங்கிப் பிடிக்கத் தெரியாத பிள்ளை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா படுபாவி? மைக்கம்மா டேப்லெட்டை இறுக்கிப் பிடித்தாள்.

கப்பலின் எந்திரம் மட்டும் இரைந்தது.

"கப்பல்," என்றாள் பெரியவள். குரலிலிருந்த இளக்கம் போய்விட்டது. "நான் அந்த மெஷினைப் பத்தி உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

"சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லல. நடுக்கடல்ல மீனுக்கா சொல்லுவேன்?"

"தெரியும். நீ சொல்லியிருக்க மாட்டே." விரல்விட்டு எண்ணுவதுபோல, "அன்னிக்கு நீ, நான், அப்புறம் ஊமை" என்றாள்.

வெளியே போய்விடலாமா என்று மைக்கம்மாவின் விரல் மேலே போனது. போனால் அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இருந்தாள்.

"விடுக்கா, அப்புறம் பாக்கலாம். மேல ஆளுங்க வராங்க" என்றான் சின்னவன்.

"ஆமா. ஆட்டத்தைப் பாப்போம். சின்னவனே, என் கூட வா. அந்த மைதானத்துல ஓடிக் கடந்துடலாம்."

"வெட்டவெளிக்கா? மலை மேல உக்காந்துக்கிட்டு நம்மளைச் சுட்டுத் தள்ளுவான்" என்றான் கப்பல். "பைத்தியமா உனக்கு? நான் இங்க இருந்து வரக்கூட முடியாது."

"நான் கேப்டன். வான்னா வா."

இத்தனை மாதத்தில் பெரியவள் ஒருமுறைகூட ஆளை வெட்டவெளிக்கு இட்டுக்கொண்டு போனதில்லை. சின்னவன் முணுமுணுத்தபடி ஓடினான். பாதி மைதானம் தாண்டவில்லை, மலையிலிருந்து குண்டு வந்தது.

"ஐயையோ! விழுந்துட்டேன், விழுந்துட்டேன்! ஊமை, வா! சீக்கிரம் வா!" சின்னவனின் அலறல் காதைப் பிளந்தது.

"நானும் விழுந்துட்டேன்," என்றாள் பெரியவள். பேருந்து வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "புகை போட்டிருக்கேன். மலையில இருக்கறவனுக்கு எதுவும் தெரியாது. உன்னை யாரும் சுட மாட்டாங்க ஊமை. நிதானமா வா. நான் வேலியோரம் இருக்கேன், உனக்குப் பக்கத்துல. அவன் எனக்கு அந்தாண்ட இருக்கான். யாரை வேணாலும் தூக்கு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மைக்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இது ஆட்டமில்லை. அவள் ஒரு சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். திரையில் புகை. புகைக்குள் இரண்டு உருவங்கள் தவழ்ந்தன. இரண்டு பேருக்கும் உயிர்க்கோடு ஒரே அளவில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவரைத் தூக்கி முடிப்பதற்குள் மற்றவருடையது தீர்ந்துவிடும்.

பெரியவளைத் தூக்குவேன் என்று முடிவு செய்துகொண்டாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவள்தான் பக்கம். எனக்கு இரண்டு பிள்ளையும் ஒன்றுதான் என்று காட்ட இதைவிட வேறு சந்தர்ப்பம் வருமா? ஓடினாள். புகைக்குள் நுழைந்தாள். வேலியோரம் பெரியவள் அசையாமல் கிடந்தாள். பக்கத்தில் போய்விட்டாள். தூக்கு என்கிற பொத்தான் திரையில் வந்துவிட்டது. விரலை வைக்க வேண்டியதுதான் பாக்கி.

"முடியப் போகுது எனக்கு! தூக்கேன்! யாராவது தூக்குங்களேன்!"

அதே முனகல். காய்ச்சலில் கட்டிலில் கிடந்துகொண்டு வீட்டை அதிரவைத்த அதே குரல், வளர்ந்த ஆணின் தொண்டையிலிருந்து.

மைக்கம்மாவின் விரல் நகர்ந்துவிட்டது. சத்தியமாக அவள் நகர்த்தவில்லை. தான் என்ன செய்கிறோம் என்று அவள் உணர்ந்தபோது பெரியவளைத் தாண்டிப் போயிருந்தாள், சின்னவன் மேல் குனிந்திருந்தாள், திரையில் வட்டம் நிரம்பிக்கொண்டிருந்தது. இனி கையை எடுத்தால் இரண்டு பேருமே போய்விடுவார்கள்.

வட்டம் நிரம்பியது. சின்னவன் எழுந்து நின்றான். "அப்பாடா! ஊமைன்னா ஊமைதான்!"

வேலியோரத்தில் இப்போது யாரும் இல்லை. அணியில் ஒரு பெயர் மங்கிப்போனது. ஆட்டத்தில் செத்தவர்களும் பேசலாம், அந்த வசதி அதில் உண்டு.

"அம்மா" என்றாள் பெரியவள்.

"என்னக்கா?" என்றான் சின்னவன்.

"உன்னைக் கூப்பிடல. அம்மா, மைக்கைப் போடு."

"அக்கா, என்ன உளர்றே? அது என் பொண்டாட்டி ஆபீஸ்ல..."

"நீ செத்த சும்மா இரு. அம்மா, ஊர்ல ஓடற அத்தனை பஸ்ஸுக்கும் பேசறே இல்ல? எனக்கு ஒரு வார்த்தை பேசு. மெஷினை நீதான் அனுப்பினே. அனுப்பிட்டு அவன் பேரைச் சொல்லச் சொன்னே. அப்படி ஒண்ணைச் செய்ய உலகத்துல உன்னைத் தவிர யாரும் கிடையாது. இருந்தும் பாவி மனசு நம்பல. ஒருவேளை வேற யாராவது இருக்கலாம்னு ஒரு நப்பாசை. அதான் விழுந்து பாத்தேன்."

கப்பலின் இரைச்சல் நின்றிருந்தது. அவன் தன் மைக்கை அணைத்துவிட்டான் போலிருக்கிறது.

மைக்கம்மா பக்கத்தில் ஓடிய வீட்டு மேசை விசிறியை நிறுத்தினாள். பழக்கம். அதன் இறக்கைகள் ஓய்ந்து நிற்கும் வரை காத்திருந்தாள். சிவப்புக் கோட்டைத் தொட்டு எடுத்தாள்.

ஆயிரம் பேருக்கு முன்னால் தடுமாறாத குரல் தடுமாறியது.

"அவன் கத்தினான்டி. அதான்..."

அதைத்தவிர அவளிடம் வேறு எதுவும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அவ்வளவு காலத்துக்கும் அவளிடம் இருந்த ஒரே காரணம் அதுதான். கடையைக் கொடுத்ததற்கும் அதுதான். சின்னவன் தொலைபேசியில் அழுதான். பெரியவள் அழவில்லை, அப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்மா," என்றாள் பெரியவள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட மைக்கம்மா தாங்கியிருப்பாள். "நான் கத்தல. எனக்குக் கத்தத் தெரியாது. எங்க விழுந்தேன், எந்தப் பக்கம் இருக்கேன்னு மட்டும் சொல்லத் தெரியும். அது உன்கிட்ட கத்துக்கிட்டது."

"பெரியவளே, இருடி, நான் சொல்றதைக் கேளு..."

"மெஷின் வந்ததுக்கு சந்தோஷம். அதை நான் திருப்பி அனுப்ப மாட்டேன். அது அப்பாவுது. ஆனா இனிமே நான் பேசறதை நீ ஒளிஞ்சிருந்து கேக்காதே. பேசணும்னா படியேறி வந்து என் கதவைத் தட்டு. உன் சொந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு வா."

அணியின் பட்டியலிலிருந்து மங்கிக் கிடந்த பெயரும் மறைந்தது. சற்றுப் பொறுத்துக் கப்பலின் பெயரும். அவன் சொன்ன சொல் தவறாதவன்.

அணியில் இரண்டு பேர் மிச்சம். புகை கலைந்துவிட்டது. மைதானத்தின் நடுவில் அம்மாவும் மகனும் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள்.

"அம்மா..." சின்னவனின் குரல் உள்ளே போயிருந்தது. "நிஜமாவே நீதானா? எல்லா நாளும் நீதானா?"

"ஆமா."

"அப்போ போன வாரம்... அக்கா கிளம்பினப்புறம் நான் கப்பல்கிட்ட சொன்னேனே. அப்போவும் இருந்தியா? அதைக் கேட்டியா?"

மைக்கம்மா நினைத்துப் பார்த்தாள். போன வாரம் பெரியவள் கிளம்பிய பிறகு வாசல் மணி அடித்தது. ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கப்பல், 'பெத்தவளைப் போய் அப்படிச் சொல்லாதேடா' என்று யாரையோ கண்டித்துக்கொண்டிருந்தான். யாரோ கப்பல்காரனைப் பற்றிய பேச்சு என்று அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சின்னவன் என்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரியாது.

இல்லை கண்ணா, நான் எதையும் கேட்கவில்லை. அப்படி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் மூச்சு விட்டுவிடுவான். உண்மையும் அதுதான். நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அவன் விழும்போதெல்லாம் முதலில் ஓடுகிற நாக்கு அது.

இந்தத் தடவை அதை மடக்கிக்கொண்டு, "கேட்டேன்" என்றாள் மைக்கம்மா.

அந்தப் பக்கத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா, அம்மா" என்று முனகல் தொடங்கியது.

மைக்கம்மா கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.